பட்டியலின் முதல் தொழில்

சொட்டு செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். தொழிலை முதலில் தேர்ந்தெடுத்தான். போட்டோவை அப்புறம் ஏற்றினான்.

குழாய் வேலை செய்பவனுக்குச் சொட்டு என்று பட்டப்பெயர் வந்ததற்குக் காரணம் அவனுடைய நிதானம். ஒரு குழாயை மாற்றினால் உடனே கிளம்ப மாட்டான். எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து, கடைசிச் சொட்டு விழுந்து, அதற்கப்புறம் பத்து நிமிடம் வேறு சொட்டு விழவில்லை என்று உறுதியான பிறகுதான் பையைத் தூக்குவான். படி இறங்கியதும் சந்தேகம் வந்து திரும்பவும் ஏறுவான்.

அப்படிப்பட்டவன் தொழில் உரிமத்தைப் புதுப்பிக்கும் இணையப் படிவத்தை அலட்சியமாக நிரப்பியிருப்பானா? ஒவ்வொரு கட்டத்தையும் மூன்று முறை படித்தான். 'தொழில்' என்ற கட்டத்தைத் தொட்டதும் முந்நூற்றுப் பன்னிரண்டு தொழில்கள் மடமடவென்று கீழே விரிந்தன. கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போய், 'கூத்துக் கலைஞர்' வரைக்கும் தாண்டிவிட்டுத் திரும்பி வந்து, 'குழாய்ப் பணியாளர்' என்பதைப் பிடித்துத் தொட்டான். பிறகு போட்டோவை ஏற்றினான். போட்டோ ஏறியதும் பக்கம் ஒருமுறை கண் சிமிட்டியது. அந்தச் சிமிட்டலில் தொழில் கட்டம் நழுவி, பட்டியலின் முதல் வரிக்கே போய் உட்கார்ந்துகொண்டது. சொட்டு அதைக் கவனிக்கவில்லை. போட்டோவில் காது கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறதோ என்ற கவலையில் இருந்தான்.

திங்கட்கிழமை காலை அட்டை வந்தது. முகவரி சரி. பிறந்த தேதி சரி. காது பெரிதுதான். தொழில்: அகழ்வாராய்ச்சியாளர்.

அவன் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் ஏதாவது சமாதானம் எழுதியிருக்குமோ என்று. 'இந்த அட்டை தொலைந்தால்' என்றுதான் எழுதியிருந்தது.

அதே காலையில் அக்காவிடமிருந்து போன் வந்தது. அக்கா சலவைக் கடை வைத்திருந்தாள். பெரிய வயிற்று இயந்திரங்கள் மூன்று, இஸ்திரி மேஜை இரண்டு, கூரையிலிருந்து தொங்கும் கொடிகள்.

"டேய், கடையில தண்ணி நின்னுபோச்சு. வாசல்ல ரோடு ஈரமா இருக்கு. சீக்கிரம் வா."

சொட்டு போய்ப் பார்த்தான். தெருவின் தார் ஓரிடத்தில் அப்பம் போல உப்பியிருந்தது. மூன்றடி ஆழத்தில், ஆறு வருடத்துக்கு முன் அவனே பதித்த முக்கால் அங்குல இரும்புக் குழாய் உடைந்திருந்தது. தெருமுனை வால்வை மூடவும் உடைந்த குழாயைத் தொடவும் குழாய்ப் பணியாளர் உரிமம் வேண்டும். பழைய உரிமம் சனிக்கிழமையோடு காலாவதி. புதிய உரிமமோ அவன் சட்டைப்பையில் அகழ்வாராய்ச்சியாளனாக இருந்தது.

"அது என்னடா வேலை?" என்று அட்டையைப் பார்த்துவிட்டு அக்கா கேட்டாள்.

"மண்ணைத் தோண்டிப் பழைய சாமானை எடுக்குறது அக்கா."

"நீயும் அதைத்தானே பண்ற?"

சொட்டுக்கு ஒரு கணம் அதுவும் சரிதானோ என்று தோன்றிவிட்டது. அவன் சுபாவம் அப்படி.

"விளையாடாதே. ஓட்டல்காரர் காலையிலயே சொல்லிட்டார்" என்றாள் அக்கா. கடையின் வேலையில் முக்கால்வாசி அந்த ஓட்டலின் படுக்கை விரிப்புகள்தான். "வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள விரிப்பு வரலைன்னா வேற கடை பார்த்துக்குறாராம். அவர் போனா நான் கடையை மூட வேண்டியதுதான். நீ ஆராய்ச்சி பண்ணு, என்னமோ பண்ணு. எனக்குத் தண்ணி வேணும்."

செவ்வாய்க்கிழமை, கதவு திறக்குமுன்பே சொட்டு தொழில் பதிவு இயக்ககத்தின் வாசலில் நின்றான். உள்ளே போனதும் கண்ணில் பட்டது ஒரு பெரிய பலகை.

நமது நகரத்தின் தொழில் வளம்
அகழ்வாராய்ச்சியாளர் – 41,312
ஆசிரியர் – 7
மருத்துவர் – 3
குழாய்ப் பணியாளர் – 1

அந்த ஒரு குழாய்ப் பணியாளர் யாராக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே அவன் கண்காணிப்பாளரின் மேஜைக்குப் போனான். கண்காணிப்பாளர் ரப்பர் முத்திரைகளை உயர வரிசைப்படி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், என் தொழில் தப்பா வந்திருக்கு."

"தொழில் தப்பா வராது. நீங்க தப்பான தொழில்ல இருந்திருக்கலாம். திருத்தப் படிவம் நிரப்புங்க."

சொட்டு அங்கேயே நின்றபடி போனில் திருத்தப் படிவத்தைத் திறந்தான். 'தங்கள் சரியான தொழில்' என்று ஒரு கட்டம். அதே பட்டியல். அதே முதல் வரி. குழாய்ப் பணியாளரைத் தேர்ந்தெடுத்து, போட்டோவை ஏற்றி, சமர்ப்பித்தான். கண்காணிப்பாளரின் திரையில் அது வந்து விழுந்தது.

"தங்கள் சரியான தொழில், அகழ்வாராய்ச்சியாளர்" என்று அவர் வாசித்தார். "இதைத்தானே நாங்களும் சொன்னோம்?"

மறுபடி நிரப்பினான். மறுபடி வந்தது. நான்காவது முறை கண்காணிப்பாளர் முகம் கனிந்துவிட்டது.

"ஒரு மனுஷன் ஒரே நாள்ல நாலு தடவை தன்னை அகழ்வாராய்ச்சியாளர்னு எழுதிக் கொடுத்துட்டு இல்லைன்னா, நான் எதை நம்புறது தம்பி? எழுத்தையா, பேச்சையா?"

"சார், நான் எதையும் தொடாதப்பவே அது அங்க நிக்குது சார். அந்த இடத்தைக் காலியா விட்டிருக்கலாமே?"

கண்காணிப்பாளர் முத்திரைகளை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்விக்காகவே பல நாளாகக் காத்திருந்தவர் போல இருந்தது.

"அதுக்குப் பேரு இயல்புநிலை மதிப்பு. சும்மா வந்துடல. அதுக்குன்னு ஒரு குழு. பதினோரு மாசம், நாற்பத்து மூணு கூட்டம். நான்தான் குறிப்பு எடுத்தேன். காலியா விட்டா, 'அரசுக்கே ஒண்ணும் தெரியல'ன்னு மக்கள் நினைப்பாங்கன்னு ஒருத்தர். 'தேர்வு செய்க'ன்னு போடலாம்னா, அது அதட்டுற மாதிரி இருக்குன்னு இன்னொருத்தர். 'தயவுசெய்து' சேர்த்தா கெஞ்சுற மாதிரி இருக்குன்னார் மூணாவது ஆள். கடைசில அகர வரிசைப்படி எது முதல்ல வருதோ அதுவே நிக்கட்டும்னு முடிவு. ஏன் தெரியுமா? முடிவு எடுத்தது அகர வரிசை. எங்க யார் மேலயும் கை காட்ட முடியாது."

"போட்டோ ஏத்தினதும் அது திரும்ப முதல் வரிக்குப் போகுது சார்."

"போட்டோ வேற பிரிவு" என்றார் கண்காணிப்பாளர். "மூணாவது மாடி."

மூன்றாவது மாடியில், போட்டோ சரியாக ஏறுகிறது, காதுகூடத் தெளிவாகத் தெரிகிறது, பட்டியல் தங்கள் பிரிவு இல்லை என்றார்கள். சொட்டு திரும்ப இறங்கி வந்தான். கண்காணிப்பாளர் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். புதன்கிழமை அகழ்வாராய்ச்சியாளர் பேரவைக் கூட்டம். அதில் கலந்துகொண்டதற்கான சான்று இருந்தால், தான் அகழ்வாராய்ச்சியாளர் இல்லை என்று மனுக் கொடுக்கலாம். "உறுப்பினரா இருந்தாத்தானே விலக முடியும்?" என்றார். விலக எவ்வளவு நாளாகும் என்று சொட்டு கேட்டான். தொண்ணூறு நாள் என்றார்.

வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. ஆனாலும் செய்யவேண்டியதை வரிசையாகச் செய்தால் ஏதாவது நடக்கும் என்று நம்புகிறவன் சொட்டு. புதன்கிழமை பேரவைக் கூட்டத்துக்குப் போனான்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் முடிதிருத்துபவர் ஒருவர் பக்கத்து ஆளின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்து ரொட்டிக் கடைக்காரர், கையெல்லாம் மாவு. சொட்டுவின் பக்கத்தில் பேருந்து ஓட்டுநர்.

"நீங்க எதைத் தோண்டுறீங்க?" என்று ஓட்டுநர் மெதுவாகக் கேட்டார்.

"குழாய்ங்க. நீங்க?"

"நான் பதினேழாம் நம்பர் பஸ். வண்டியை எடுக்க விட மாட்டேங்கறாங்க. கையில ஒரு தூரிகையைக் குடுத்து, பஸ் நிறுத்தத்துல ஏதாவது கிடைக்குதான்னு பாருன்னுட்டாங்க. ஒரு சீப்பு கிடைச்சுது."

இணை இயக்குநர் மேடையேறினார். கைதட்டல் ஓய்ந்ததும் பேசினார்:

"பெருமைக்குரிய அகழ்வாராய்ச்சியாளர்களே! உலகத்தில் எந்த நகரத்திலும் இத்தனை பேர் இல்லை. பக்கத்து நகரத்தில் இரண்டே இரண்டு பேர். அந்த நகரத்தார் தங்கள் படிவத்தில் முதல் வரியைக் காலியாக விட்டார்கள், காலியாகவே போனார்கள். சிலர் கேட்கிறார்கள், இவர்கள் தேர்ந்தெடுக்கவே இல்லையே என்று. நான் திருப்பிக் கேட்கிறேன்: தேர்ந்தெடுக்கும் தொல்லையை மக்கள் தலையில் ஏன் சுமத்த வேண்டும்? நாங்கள் எதற்கு இருக்கிறோம்? என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதவிக்கு என்னை யாராவது தேர்ந்தெடுத்தார்களா? மூப்புப் பட்டியலில் முதலில் நின்றேன். யாரும் மாற்றவில்லை. இருக்கிறேன்!"

மண்டபம் அதிர்ந்தது. கைதட்டியவர்கள் கையிலிருந்து மாவு பறந்தது.

"இன்று ஓர் அறிவிப்பு," என்றார் அவர். "இனி அகழ்வாராய்ச்சியாளர் யார் கேட்டாலும், எந்தத் தெருவைத் தோண்டவும் ஒரே நாளில் அனுமதி. மற்றத் தொழிலாளர்களுக்கு வழக்கம் போலத் தொண்ணூறு நாள். ஒரே ஒரு நிபந்தனை. தோண்டிக் கிடைக்கும் எதையும் அகழ்வாராய்ச்சியாளர் பழுதுபார்க்கக் கூடாது."

சொட்டு நிமிர்ந்து, உடனே தளர்ந்தான். தோண்டலாம். தோண்டிவிட்டு, உடைந்த குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

சான்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது வாசலில் ஒரு வாக்குவாதம். ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர், வெயிலில் வெளுத்த தொப்பி, முழங்காலில் காய்ந்த மண். காவலர் அவரை உள்ளே விட மறுத்துக்கொண்டிருந்தார்.

"இருபத்தாறு வருஷமா இதே வேலை பண்றேங்க. இந்தக் கூட்டத்துக்கு நான் வராம வேற யாரு வருவாங்க?"

"அட்டையில குழாய்ப் பணியாளர்னு இருக்கு மேடம். குழாய்க்காரங்க கூட்டம் அடுத்த மாசம். அதுக்கு நீங்க ஒருத்தர்தான், நாற்காலிகூட எடுத்து வெச்சாச்சு."

சொட்டு அப்படியே நின்றுவிட்டான். பலகையிலிருந்த அந்த ஒரே ஒரு ஆள்.

மரத்தடியில் உட்காரவைத்து விசாரித்தபோது அந்த அம்மாள் கொட்டித் தீர்த்தார். "நான் எப்பவும் போட்டோவை முதல்ல ஏத்திடுவேன் தம்பி. அப்புறம் பார்த்தா, கட்டத்துல ஏற்கெனவே என் தொழிலே நிக்குது. அப்பாடான்னு விட்டுட்டேன். சமர்ப்பிச்சா, 'நீங்கள் எதையும் தேர்வு செய்யவில்லை'ன்னு சிவப்பா வந்துச்சு. மறுபடி அதையே தொட்டேன். நின்ன இடத்துலயே நிக்கறதால தொட்டதாவே எடுத்துக்கல. வேற எதையாவது தொட்டுட்டுத் திரும்பி வரலாம்னு, வீட்டுல குழாய் ஒழுகிட்டிருந்த ஞாபகத்துல அதைத் தொட்டேன். உடனே 'நன்றி'ன்னு சொல்லிட்டுப் படிவம் போயே போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஆத்தங்கரையில எட்டு மாசமா ஒரு இடம் பார்த்து வெச்சிருக்கேன். தோண்ட அனுமதி இல்லை. அதுக்குப் பதிலா இயக்ககத்துல கழிப்பறைத் தொட்டி ஒழுகுதுன்னு மூணு தடவை என்னைக் கூப்பிட்டாச்சு. மூணு தடவையும் போய் அளவெடுத்து, படம் வரைஞ்சு குடுத்துட்டு வந்தேன். இன்னும் ஒழுகுது."

சொட்டுவின் காதில் கடைசி வாக்கியம் விழவே இல்லை. போட்டோவை முதலில் ஏற்ற வேண்டும் என்பதிலேயே அவன் மனசு நின்றுவிட்டது. பிறகு அது இன்னோர் இடத்துக்குத் தாவியது.

"மேடம், உங்ககிட்ட என் உரிமம் இருக்கு. என்கிட்ட உங்களுது இருக்கு."

அந்த அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவன் எண்ணி எண்ணிச் சொன்னான். தோண்டும் அனுமதி தன் பெயரில். வால்வை மூடுவதும் குழாயைத் தொடுவதும் அவர் பெயரில். குழாய்ப் பணியாளர் ஒரு உதவியாளரை வைத்துக்கொள்ளலாம் என்று விதியில் இருக்கிறது; அந்த உதவியாளர் தான். அக்கா கடைக்குத் தண்ணீர் வந்ததும், ஆற்றங்கரைக்குத் தன் பெயரில் அனுமதி வாங்கித் தருவான். அங்கே அவர் தனக்கு உதவியாளர்.

"எங்கயாவது தப்பு இருக்குதா மேடம்? ஒருதரம் யோசிச்சுச் சொல்லுங்க."

"எல்லாமே தப்புதான்," என்றார் அந்த அம்மாள். "ஆனா விதிப்படி இருக்கு. எழுந்திரு."

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அனுமதிச் சீட்டு வந்தது. பத்து மணிக்கு இயக்ககத்தின் மேற்பார்வையாளர் ஓர் அளவுகோலோடு வந்தார். அகழ்வாராய்ச்சி என்றால் தூரிகையால்தான் தோண்ட வேண்டும், மணிக்கு ஓர் அங்குலம் என்றார். மூன்றடிக்கு முப்பத்தாறு மணி நேரம். சொட்டு கணக்குப் போட்டுப் பார்த்துக் கையைப் பிசைந்தான். கடைக்குள்ளிருந்து அக்கா ஓட்டலின் விரிப்பு மூட்டைகள் மேல் உட்கார்ந்தபடி அவனை முறைத்தாள்.

தொப்பிக்கார அம்மாள் குனிந்து ஒரு பிடி ஈர மண்ணை எடுத்தார்.

"சார், மண்ணுல தண்ணி இருக்கு. தண்ணி இருந்தா அது குழாய்ப் பணி. இந்த இடத்துல குழாய்ப் பணியாளர் நான். நான் தூரிகை வெச்சுக்கறது இல்லை." கையை நீட்டினார். "உதவியாளர் தம்பி, மண்வெட்டி."

மேற்பார்வையாளர் இரண்டு அட்டைகளையும் வாங்கிப் பார்த்தார். விதிப் புத்தகத்தைப் புரட்டினார். 'ஈரமான மண்ணில் அகழ்வாராய்ச்சியாளர் குழாய்ப் பணியாளருக்கு உதவினார்' என்று எழுதிக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

மண்வெட்டியை அந்த அம்மாள் ஒருமுறைதான் போட்டார், மரியாதைக்கு. மீதியைச் சொட்டு பார்த்துக்கொண்டான். மூன்று மணிக்குள் குழாய் தெரிந்தது. அந்த அம்மாள் போய் வால்வை மூடினார். எந்தப் பக்கம் திருகுவது என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான். சொட்டு உடைந்த ஒன்றரை அடித் துண்டைக் கழற்றி, புதுத் துண்டின் மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றி, ரிஞ்சால் இறுக்கினான். வால்வைத் திறந்தார்கள். கடைக்குள் மூன்று இயந்திரங்களும் தொண்டையைச் செருமிக்கொண்டு தண்ணீர் குடித்தன.

அக்கா வாசலுக்கு வந்து இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு முதல் மூட்டையை அவிழ்க்க ஓடினாள்.

சொட்டு குழி ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து புது இணைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேற்பார்வையாளர் திரும்பி வந்தார். தோண்டியது அகழ்வாராய்ச்சி அனுமதியில் என்பதால், கிடைத்த பொருளுக்கு அறிக்கை கட்டாயமாம். உடைந்த குழாய்த் துண்டைக் காட்டி, போனில் ஒரு படிவத்தைத் திறந்து கொடுத்தார்.

சொட்டு கவனமாக நிரப்பினான். பொருள்: இரும்புக் குழாய். நீளம்: ஒன்றரை அடி. காலம் என்ற கட்டத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் விரிந்தது. அதில் 'ஆறு வருடம்' இல்லை. 'தற்காலம்' என்பதைத் தேர்ந்தெடுத்தான். "பொருளோட போட்டோவை ஏத்துங்க" என்றார் மேற்பார்வையாளர். சொட்டு பதறிப்போய், "போட்டோவை முதல்ல" என்று வாயெடுப்பதற்குள் அவரே ஏற்றிவிட்டார். பக்கம் கண் சிமிட்டியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளுத்து, காய்ந்து, மடித்த விரிப்புகள் ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தன. ஓட்டல்காரர் ஒன்றை மோந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார் என்று அக்கா சொன்னாள். அவர் பாராட்டுவது அப்படித்தானாம்.

இரண்டு வாரம் கழித்து, ஆற்றங்கரை அனுமதிக்காகச் சொட்டும் தொப்பிக்கார அம்மாளும் இயக்ககத்துக்குப் போனார்கள். முன்கூடத்தில் கூட்டம். புதிதாக வைத்த கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் இணை இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார்.

"கற்காலத்தில் மனிதனுக்கு இரும்பு தெரியாது என்று இதுவரை உலகம் நம்பிக்கொண்டிருந்தது. நமது நகரத்துக் கற்கால மனிதன் இரும்பை உருக்கியிருக்கிறான். அதில் மரை போட்டிருக்கிறான்! அந்த மரையில் வெண்மையான துணி ஒன்றைச் சுற்றியிருக்கிறான். சடங்காக இருக்கலாம் என்று கருதுகிறோம். இதற்கெல்லாம் சான்று என்ன? படிவம் இருக்கிறது. அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?"

சொட்டு எட்டிப் பார்த்தான். அவன் துண்டுதான். ஆறு வருடத்துக்கு முன் அவன் சுற்றிய டேப்தான். கடைசிச் சுற்றில் லேசாக ஒரு பிசிறு இருந்தது. இவ்வளவு பேர் பார்ப்பார்கள் என்று தெரிந்திருந்தால் இன்னும் நன்றாகச் சுற்றியிருக்கலாம் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

பக்கத்தில் நின்ற தொப்பிக்கார அம்மாள் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். அழுகிறாரோ என்று சொட்டு பயந்துவிட்டான். தோள் குலுங்கியதிலிருந்துதான் சிரிப்பு என்று தெரிந்தது.

மறுநாள் அக்கா கடையின் மாடி அறையில் உட்கார்ந்து சொட்டு மறுபடியும் திருத்தப் படிவத்தைத் திறந்தான். போட்டோவை முதலில் ஏற்றினான். பக்கம் கண் சிமிட்டி முடிக்கும்வரை காத்திருந்தான். அப்புறம் பட்டியலைத் தள்ளி, குழாய்ப் பணியாளரைத் தொட்டான். நின்றது. மூன்று முறை பார்த்தான். அசையாமல் நின்றது. சமர்ப்பிக்க வேண்டியதுதான் பாக்கி.

கீழேயிருந்து அக்கா கத்தினாள். "டேய்! ரொட்டிக் கடைக்காரர் வந்திருக்கார். அவர் கடை முன்னாடியும் ரோடு உப்பிடுச்சாம். மாவு பிசையக்கூடத் தண்ணி இல்லையாம். உன்னையும் அந்த மேடத்தையும் கையோட கூட்டிட்டுப் போகணும்ங்கறார்."

சொட்டு விரலை எடுத்தான். குழாய்ப் பணியாளர் ஆகிவிட்டால் ரொட்டிக் கடை முன்னால் தோண்ட அனுமதி கிடைக்கத் தொண்ணூறு நாள். ஆற்றங்கரைக்கு அனுமதியே இல்லை.

பட்டியலை மறுபடி விரித்தான். மெல்ல மேலே தள்ளிக்கொண்டே போனான். முதல் வரி வந்தது. தொட்டான். நாற்பத்தோராயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் அதைத் தன் கையால் தேர்ந்தெடுத்த முதல் ஆள் அவன்தான். சமர்ப்பித்தான்.

படிவம் இதை எதிர்பார்க்கவில்லை போலும். நெடுநேரம் சுழன்றது. பிறகு சிவப்பு எழுத்தில் கேட்டது: 'நிச்சயமாகவா?' கீழே ஒரு கட்டம். அதில் 'இல்லை' ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தது.

இதே கேள்வியைத் தன்னைத்தானே நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பவன் சொட்டு. கட்டத்தைத் தொட்டு, 'ஆம்' என்று மாற்றி அனுப்பினான். போனைச் சட்டைப்பையில் போட்டான். ரிஞ்சுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கினான்.

திரும்ப ஏறவில்லை.